தாது வருஷப் பஞ்சத்துக்கு எந்தப் புகைபோக்கி காரணம்?

4 மே 2025, காலை 8.15 – தாராபுரத்து வாசகர் எழுப்பிய கேள்வி

இன்று கத்திரி தொடங்குகிறது. வெயில் கூடினாலும் மனிதன் விட்ட புகை, மழை கொட்டினாலும் மனிதன் விட்ட புகை என்றே எங்கும் எழுதுகிறார்கள். 1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது கோயமுத்தூர் ஜில்லாவில் எத்தனை ஆலைகள் இருந்தன? எத்தனை வண்டிகள் டீசலில் ஓடின? காற்றில் கரியமில வாயு இருப்பதே நூற்றில் 0.04 பங்கு. ஆண்டுதோறும் காற்றில் சேரும் கரியமில வாயுவில் மனிதன் விடுவது இருபதில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் காடும் கடலும் விடுவது. இவ்வளவு சிறிய ஒன்று உலகத்தையே சூடாக்குகிறது என்பதை யாராவது கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பயமுறுத்த வேண்டாம்.

4 மே 2025, இரவு 9.50

கணக்கு என்று கேட்டிருப்பதால் எனக்குத் தெரிந்த கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். திருப்பூருக்கு அருகே ஒரு சாயப்பட்டறையின் பாய்லர் அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். விறகு லாரி எடைமேடையில் ஏறி இறங்கும். மாலையில் சாம்பல் மூட்டைகளையும் எடை போடுவோம். பத்து டன் விறகு உள்ளே போனால் வெளியே வரும் சாம்பல் சில நூறு கிலோதான். மீதி எங்கே போயிற்று என்று முதல் வாரத்திலேயே மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் புகைபோக்கியைக் கைகாட்டினார்.

மேலே போகும்போது எடையும் கூடுகிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கரி (கார்பன்) எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால் 12 கிலோ கரி 44 கிலோ கரியமில வாயு ஆகிறது. ஒரு லிட்டர் டீசலின் எடை 850 கிராமுக்குள் இருக்கும். அது எரிந்து வெளியேறும் கரியமில வாயு ஏறக்குறைய 2.7 கிலோ.

இனி உலகக் கணக்கு. 1850 முதல் 2019 வரை மனிதர்கள் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்தும், சிமெண்டு செய்தும், காட்டை அழித்தும் காற்றில் விட்ட கரியமில வாயு சுமார் 2.4 லட்சம் கோடி டன். ஆலைகள் பெருகுவதற்கு முன்பு காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த இந்த வாயு இப்போது 420 பங்கைத் தாண்டியிருக்கிறது. பத்து லட்சத்துக்கு ஒரு பங்கு கூட வேண்டுமானால் 780 கோடி டன் சேர வேண்டும். அப்படியானால் 140 பங்குக்கு 1.1 லட்சம் கோடி டன். நாம் விட்டதில் பாதிகூடக் காற்றில் தங்கவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. மீதியைக் கடலும் காடும் மண்ணும் வாங்கிக்கொண்டன. காடும் கடலும்தான் இந்த ஏற்றத்துக்குக் காரணம் என்றால், நாம் விட்டதைவிட அதிகமாக அல்லவா காற்றில் சேர்ந்திருக்க வேண்டும்?

இருபதில் ஒரு பங்கு என்பது உண்மைதான். ஆனால் பவானிசாகர் அணையை நினைத்துப் பாருங்கள். அணைக்கு எவ்வளவு நீர் வருகிறதோ அவ்வளவும் வாய்க்காலிலும் ஆற்றிலும் போய்க்கொண்டிருந்தால் நீர்மட்டம் அசையாது. அந்த வரத்தில் இருபதில் ஒரு பங்கு புதிதாகச் சேர்ந்து, போக்கு அதற்கு ஈடாகக் கூடாமல் இருந்தால், நாளுக்கு நாள் மட்டம் ஏறி ஒருநாள் 105 அடியைத் தொட்டுவிடும். காடும் கடலும் விடுவது மிகப் பெரிய அளவுதான். அவை அதே அளவைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் செய்கின்றன. நாம் ஆண்டுதோறும் விடும் 1,000 கோடி டன் அந்தச் சுழற்சிக்கு வெளியே, பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த கரியிலிருந்து வந்து சேர்கிறது.

5 மே 2025, காலை 6.30

நேற்றுப் போட்ட கணக்கில் பிழை இருக்கிறது. ஆண்டுக்கு 1,000 கோடி டன் என்பது கரியின் எடை. கரியமில வாயுவாகச் சொன்னால் சுமார் 3,700 கோடி டன், அதுவும் எரிபொருளும் சிமெண்டும் மட்டும் சேர்த்து. 12 கிலோ 44 கிலோவாகும் என்று மேலே எழுதிவிட்டு, கீழே நானே அதைப் பெருக்காமல் விட்டுவிட்டேன். பழைய பத்தியைத் திருத்தவில்லை. முதலில் படித்தவர்களுக்கு எது மாறியது என்று தெரிய வேண்டும்.

எரிமலைகள்தான் காரணம் என்று கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடுவது மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே.

7 மே 2025, இரவு 10.20

0.04 பங்கு பற்றிய கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. சாயம் போடுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நூறு கிலோ துணிக்கு நாற்பது கிராம் சாயம் போட்டால் 0.04 சதவீதம். வெளிர்நிறச் சாயங்கள் இந்த அளவில்தான் போடப்படுகின்றன. அந்தத் துணியை வெள்ளைத் துணியின் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூட வேறுபாட்டைச் சொல்லிவிடும். துணியின் எடை எவ்வளவு, தண்ணீர் எத்தனை ஆயிரம் லிட்டர் என்பதைக் கொண்டு நிறத்தைக் கணிக்க முடியாது. அவற்றில் எது ஒளியைத் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

காற்றும் அப்படித்தான். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும். தரையிலிருந்து மேலே கிளம்பும் வெப்பக் கதிரை இவை இரண்டும் தடுப்பதே இல்லை. நீராவியும் கரியமில வாயுவும் மீத்தேனும் தடுக்கின்றன. இதை 1859-இல் ஜான் டிண்டால் என்ற அறிவியலாளர் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்து, கரியமில வாயு நிறைந்த குழாய் மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சூடாவதைக் கண்டார். தாது வருஷப் பஞ்சத்துக்கும் முந்திய சங்கதி இது. வேறு யாரோ நேற்றுக் கட்டிவிட்ட கதையாக இதை நினைக்கக் கூடாது என்பதற்காகவே ஆண்டுகளைச் சொல்கிறேன்.

மார்கழியில் வானம் தெளிந்திருக்கும் இரவில் களத்தில் படுத்தவர்களுக்குக் குளிர் எலும்பைத் தொடும். அதே மாதத்தில் மூடாப்பு போட்ட இரவில் போர்வையை உதறிவிடுவோம். மேலே இருப்பது தரையின் சூட்டைப் பிடித்துவைக்கும் என்பதை நம் உடம்பே அறியும்.

8 மே 2025, மதியம் 1.05

பட்டறையில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் தொலைபேசியில் கேட்டது நல்ல கேள்வி. அடர்நிறத்தில் ஓர் அளவுக்குமேல் சாயம் கொட்டினால் துணி மேலும் கறுப்பதில்லையே, கரியமில வாயுவும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் இனிக் கூட்டுவதால் என்ன ஆகிவிடும் என்றார்.

என் உவமையிலேயே குறை இருப்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். சரியான விடை இது: கரியமில வாயு கூடக்கூட வெப்பமும் அதே வீதத்தில் கூடுவதில்லை, வாயு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு வெப்பம் கூடுகிறது. ஸ்வீடன் நாட்டு அர்ரேனியஸ் 1896-இலேயே இந்த உறவைச் சொன்னார். ஆனால் ஏற்றம் நின்றுவிடுவதும் இல்லை. பூமியின் வெப்பம் விண்வெளிக்குத் தப்பிப்போவது தரையிலிருந்து அல்ல, காற்று மெலிந்திருக்கும் உயரத்திலிருந்து. வாயு கூடினால் அந்த உயரம் இன்னும் மேலே நகர்கிறது. மேலே குளிர் அதிகம். குளிர்ந்த அடுக்கிலிருந்து குறைவான வெப்பமே வெளியேறும். உள்ளே தங்குவது கூடுகிறது. துணிக்கு மேல் துணியாகப் போர்த்துவதைப் போன்றது இது. தொட்டியில் சாயம் கூட்டுவதை இதற்கு ஒப்பிடுவது பொருந்தாது. வாயு இரட்டித்தால் உலகச் சராசரி 2.5 முதல் 4 டிகிரி வரை ஏறக்கூடும் என்பது 2021-இல் பன்னாட்டு அரசுகளின் காலநிலைக் குழு (IPCC) சொன்ன மதிப்பீடு.

11 மே 2025, காலை 7.45

தாது வருஷத்துக்கு வருகிறேன். அண்ணா, உங்கள் கேள்வியில் கனமான பகுதி இதுதான். அந்தப் பஞ்சத்தை எந்தப் புகைபோக்கியும் கொண்டுவரவில்லை. 1876-இல் மழை தவறியது. 1877-இல் பசிபிக் கடலில் மிகக் கடுமையான எல் நினோ (கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகி மழையைக் குலைக்கும் நிகழ்வு) உருவாகி வறட்சி நீண்டது. சேலமும் கோயமுத்தூரும் மிகவும் அடிபட்ட ஜில்லாக்களில் சேர்ந்தவை. அதே காலத்தில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மழை பொய்த்ததற்குக் கடல் காரணம். இத்தனை பேர் செத்ததற்கு ஆட்சியும் காரணம்.

இயற்கை தானாகவே ஏறியும் இறங்கியும் மாறும் என்பதை இதனால் மறுக்கவே முடியாது. ஆனால் முன்பு தீ தானாகப் பற்றியது என்பதால், இப்போது எரிகிற வைக்கோற்போரில் யாரும் தீக்குச்சி போடவில்லை என்று ஆகிவிடாது. எது காரணம் என்பதை ஒவ்வொரு முறையும் தனியாகத் தேட வேண்டும். அப்படித் தேடியதில் எனக்கு மிகவும் பிடித்த தடயம் இரண்டு.

முதலாவது, கரியின் வயது. காற்றில் உள்ள கரியில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகை சிறிதளவு இருக்கும். அது 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். உயிரோடு இருக்கும் மரத்தில் அது உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்த நிலக்கரியில் அது துளியும் மிஞ்சியிருக்காது. மர வளையங்களில் அதன் பங்கு நீர்த்துவருவதை 1955-இல் ஹான்ஸ் சூஸ் எழுதினார். காற்றில் பழைய கரி கலந்துகொண்டிருந்தது. நான் எரித்த வேலமரத்துப் புகையையும் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரிப் புகையையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. இந்த அளவீடு பிரித்துவிடும்.

இரண்டாவது, மேலடுக்கின் குளிர்ச்சி. சூரியன் கூடுதலாக எரிவதால் பூமி சூடாகிறது என்றால் காற்றின் மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். அளந்து பார்த்ததில் கீழடுக்கு சூடாகிறது, மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் நடக்கும் என்று சுக்குரோ மனாபே 1967-இலேயே கணித்திருந்தார். 2021-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. சூரியனின் வெளிச்சத்தை 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன; அதில் தொடர்ந்த ஏற்றம் எதுவும் இல்லை.

12 மே 2025, இரவு 8.40

வெப்பமானிகள் எல்லாம் ஊருக்குள் இருக்கின்றன, கட்டடம் பெருகியதால்தான் அளவு கூடுகிறது என்ற ஐயத்தைக் கோவைக்காரர் ஒருவர் எழுப்பியிருக்கிறார். அவிநாசி சாலையையும் தொண்டாமுத்தூரையும் ஒரே நாளில் பார்ப்பவருக்கு இந்த ஐயம் வருவது இயல்பு. கலிபோர்னியாப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லருக்கும் இதே ஐயம் இருந்தது. அவர் குழு சேர்த்துப் பழைய பதிவுகளையெல்லாம் புதிதாக ஆராய்ந்து, நகரச் சூட்டைக் கழித்த பிறகும் ஏற்றம் அப்படியே இருப்பதைக் கண்டு, மனிதர்களே காரணம் என்று 2012-இல் வெளிப்படையாக எழுதினார். கூடுதலாகத் தங்கும் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கடலுக்குள் போகிறது. கடலில் கான்கிரீட் கட்டடம் ஏது?

18 மே 2025, இரவு 11.10

இவ்வளவு நாள் உலகக் கணக்கு எழுதினேன். என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது அது அல்ல. குண்டடம் பக்கத்தில் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வழி வந்த நிலம் கொஞ்சம் இருக்கிறது. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. அடுத்த கோடையில் அறுபது தென்னைகள் ஒவ்வொன்றாக மட்டை தொங்கி, குருத்து சாய்ந்து செத்தன. பத்தொன்பது வயது மரங்கள். நீர் லாரி வாங்கி ஊற்றிப் பார்த்தோம்; இருபது மரங்களைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. என் மனைவி ஒவ்வொரு மரத்தையும் தொட்டுவிட்டு வந்தாள். இருபத்திரண்டு ஆண்டுகள் நான் எரித்த விறகு இப்படித் திரும்பி வந்து என் தோப்பை எரித்துவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றும் அந்த நினைப்பு மாறவில்லை.

27 மே 2025, காலை 6.10

மே 24-ஆம் தேதியே கேரளத்தில் பருவமழை இறங்கிவிட்டது. வழக்கமான நாள் ஜூன் 1. மேற்கே மலை முழுவதும் மேகம். இங்கே கத்திரி முடிவதற்குள் காற்று குளிர்ந்துவிட்டது. வெப்பம் கூடுகிறது என்றீர்களே, எங்கே என்று தாராபுரத்து அண்ணன் கேட்டிருக்கிறார்.

ஒரு கோடை குளிர்ந்ததைக் கொண்டு ஏற்றம் இல்லை என்று சொல்ல முடியாது. அதே நியாயத்தை எனக்கும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு பருவமழை பொய்த்ததைக் கொண்டு, அதுவே ஏற்றத்தின் விளைவு என்று மே 18-இல் நான் எழுதியது எப்படிச் சரியாகும்? மூன்று நாளாக இதை யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

அந்த நிலம் தென்னைக்கு உரிய நிலமே இல்லை. அப்புச்சி காலத்தில் அது கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், தரை முழுவதும் கொழுக்கட்டைப் புல், மேய்வதற்குக் காங்கேயம் மாடுகளும் செம்மறி ஆடுகளும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்த மண்ணுக்கு என்ன தாங்கும் என்று தெரிந்து பல தலைமுறையினர் வகுத்துவைத்த ஏற்பாடு அது. 1998-இல் ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டு முந்நூறு அடியில் தண்ணீர் கண்டதும், புல்லை உழுதுவிட்டுத் தென்னை வைத்தது நான். 2016-க்கு முன்பே தண்ணீர் எண்ணூறு அடிக்கு இறங்கிவிட்டது. அந்த ஆண்டு மழை பெய்திருந்தால் மரங்கள் இன்னும் சில ஆண்டுகள் நின்றிருக்கும், அவ்வளவுதான்.

இதில் கரிக் கணக்கும் ஒன்று இருக்கிறது. பல்லாண்டுப் புல்லின் வேர் மண்ணுக்குள் கரியைச் சேர்த்துவைக்கிறது. உழுது புரட்டினால் அது மக்கிக் காற்றில் கலக்கிறது. 2.4 லட்சம் கோடி டன்னில் காடும் நிலமும் மாறியதன் பங்கும் சேர்ந்திருக்கிறது என்று முதல் நாள் எழுதினேனே, அதில் என் நிலத்துப் புல்லும் அடங்கும்.

உலகச் சராசரி ஏறியிருப்பது பற்றி எனக்கு ஐயம் இல்லை. 2024-ஆம் ஆண்டு, 1850-1900 காலத்துச் சராசரியைவிடச் சுமார் 1.55 டிகிரி கூடுதல். அந்த ஆண்டு ஏப்ரலில் ஈரோடு 42 டிகிரியைக் கண்டது. ஆனால் இந்தியாவின் சராசரி 1901 முதல் 2018 வரை ஏறியது சுமார் 0.7 டிகிரிதான் என்று மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. நம் நாட்டில் குறைவாக ஏறியதற்கு ஒரு காரணம், நாமே விடும் தூசும் கந்தகப் புகையும் வெயிலின் ஒரு பகுதியை மறைப்பது. அந்தத் தூசு சில நாட்களில் மழையோடு இறங்கிவிடும். கரியமில வாயுவின் கணிசமான பகுதி நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். காற்றைச் சுத்தம் செய்தால் மறைந்திருந்த வெப்பம் வெளியே தெரியும். நுரையீரலுக்காகச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்; பிறகு வருவதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

9 ஜூன் 2025, இரவு 9.00

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 315 பங்கு. சென்ற மாதத்தின் சராசரி முதன்முறையாக 430-ஐத் தாண்டியிருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் உச்சத்தைத் தொட்டு, வடபாதி உலகத்துக் காடுகள் தளிர்த்து மூச்சிழுக்கும்போது செப்டம்பர் வரை இறங்கி, மறுபடி ஏறும். ஆனால் ஒவ்வோர் ஆண்டின் உச்சமும் முந்தைய உச்சத்துக்கு மேலே. அண்டார்க்டிகாவின் பனியில் எட்டு லட்சம் ஆண்டுக் காற்று குமிழாகச் சிறைப்பட்டுக் கிடக்கிறது. ஆலைகள் வருவதற்கு முந்திய அந்தக் காலம் முழுவதிலும் அளவு ஏறக்குறைய 180-க்கும் 300-க்கும் இடையிலேயே இருந்தது.

22 ஜூன் 2025, மாலை 5.30

விவாதத்தில் யாரும் தொடாத ஒன்றை எழுத வேண்டும். நொய்யல் ஆறு செத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று 1992-இல் முடிந்தது. அதில் தேங்கியது சாயக்கழிவு. கீழே இருந்த கிணறுகள் உப்பேறின. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றியவை பிறகு திறந்தன. அந்தத் தீர்ப்பு சரியானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். கூலியில்லாமல் நான்கு மாதம் வீட்டில் இருந்தவனாகவே இதைச் சொல்கிறேன்.

ஆனால் சொட்டுக் கழிவும் வெளியே போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? கழிவை வடிகட்டி, அழுத்தத்தில் சவ்வு வழியே தள்ளி நல்ல நீரைப் பிரித்தெடுத்த பிறகு, மிஞ்சும் கடும் உப்புநீரைக் கொதிக்கவைத்து வற்றடிக்க வேண்டும். அதற்கு நீராவி வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகு எங்கள் பாய்லரில் மூன்றரைக் கிலோ நீராவி தரும். ஒரே நீராவியின் சூட்டை நான்கு கலங்களில் அடுத்தடுத்துப் பயன்படுத்தினாலும், இரவும் பகலும் விறகு போட்டுக்கொண்டே இருந்தோம். சவ்வுக்குத் தள்ளும் பம்புகளுக்கு மின்சாரம் வேறு. ஆற்றில் விட்டுக்கொண்டிருந்ததன் ஒரு பகுதியைக் காற்றில் விடத் தொடங்கினோம் என்று எனக்கு அப்போதே உறுத்தியது. இதை எழுதினால் பழைய நாட்களுக்குத் திரும்பச் சொல்கிறான் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்ற அச்சத்தில் இத்தனை நாள் எழுதவில்லை. ஆற்றைக் காப்பாற்றியது சரி. அந்த வேலைக்குச் செலவாகும் வெப்பத்தை வெயிலிலிருந்தும் காற்றாலையிலிருந்தும் எடுக்காமல் விட்டது குறை.

23 ஜூன் 2025, காலை 7.00

விறகு எரித்தால் கரிக் கணக்கில் வராது, மரம் மறுபடி வளர்ந்து அதை வாங்கிக்கொள்ளும் என்று நேற்றிரவே இருவர் எழுதிவிட்டார்கள். சீமைக்கருவேலுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். வெட்டிய இடத்தில் சில ஆண்டுகளில் அதே அளவு தழைத்துவிடும். ஆனால் எங்கள் எடைமேடையில் ஏறியது சீமைக்கருவேல் மட்டும் இல்லை. சாலை அகலப்படுத்த வெட்டிய புளியமரங்கள் வந்தன. பட்டுப்போன தென்னைகள் வந்தன. அடிமரத்தை இருவர் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய புளியமரம் ஒன்று ஒரே இரவில் எரிந்து முடிந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள இன்னொரு புளியமரம் நடப்பட்டு எண்பது ஆண்டு நிற்க வேண்டும். யார் நட்டார்கள்?

நிலக்கரியைவிட விறகு மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணக்கிலேயே வராது என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

13 ஜூலை 2025, இரவு 10.00

அறிவியல் பேச்சு ஓய்ந்து நியாயப் பேச்சு தொடங்கியிருக்கிறது. அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார், இந்தியர் ஒருவர் 2 டன்னுக்கு. இதுவரை எரித்த எரிபொருள் கணக்கில் நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது, இந்தியாவினுடையது நூற்றில் நான்குக்கும் கீழே. நாம் ஏன் குறைக்க வேண்டும் என்கிறார் தாராபுரத்து அண்ணன். எண்கள் சரி. கோபமும் நியாயமானதே. மே மாதத்தில் காரணமே நாம் இல்லை என்று தொடங்கியவர், ஜூலையில் காரணத்தில் யார் பங்கு எவ்வளவு என்று கேட்கிறார். இது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. இப்படி மனம் திறந்து பேசுகிறவர்கள் குறைவு.

அந்த எண்ணிலும் ஒரு மறைவு உண்டு. திருப்பூரில் தைக்கும் பனியனுக்கு நூற்க, பின்ன, சாயமிட, தேய்க்க ஆகும் கரி இந்தியாவின் பெயரில் எழுதப்படுகிறது. அதை உடுத்துகிறவர் ஐரோப்பாவில் இருக்கிறார். இப்போது வாங்குகிறவர்கள் ஒவ்வோர் உருப்படிக்கும் கரிக் கணக்குக் கேட்டுப் படிவம் அனுப்புகிறார்கள். கேட்கட்டும், கேட்பது நல்லதுதான். விலையை மட்டும் பழைய இடத்திலேயே நிறுத்திவைத்துக்கொண்டு கணக்கு கேட்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உப்புநீர் வற்றடிக்கும் செலவும் சூரியத் தகடு போடும் செலவும் இந்தப் பக்கமே விழுகின்றன.

இருந்தாலும் ஒன்று. நாட்டு மொத்தத்தில் இன்று சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து நாம்தான். 2070-க்குள் நிகரக் கணக்கைச் சுழியாக்குவோம் (விடுவதும் திரும்ப வாங்குவதும் சமமாகும்) என்று 2021-இல் கிளாஸ்கோவில் இந்தியா அறிவித்திருக்கிறது. மழை மறைவில் குடியிருப்பவர்களுக்கு நியாயம் தீர்கிற வரை காத்திருக்க நேரம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

14 ஜூலை 2025, காலை 6.20

கடைசி வரியை மட்டும் திருத்துகிறேன். நியாயம் கேட்பதை நிறுத்தச் சொல்லும் தொனி அதில் வந்துவிட்டது. கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். கேட்டுக்கொண்டே நம் பங்கு வேலையையும் தொடங்க வேண்டும்.

3 ஆகஸ்ட் 2025, மாலை 4.45

இன்று ஆடிப் பதினெட்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் எல்லாம் முழு வேகத்தில் சுற்றுகின்றன. திருப்பூர், கோவை ஆலைக்காரர்கள் பலர் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சொந்தக் காற்றாலை நிறுவத் தொடங்கியது பருவநிலையை நினைத்து அல்ல, மின்கட்டணத்தை நினைத்து. எதை நினைத்துச் செய்திருந்தாலும், அந்த யூனிட்டுகளுக்கு நிலக்கரி எரியவில்லை.

தாராபுரத்து அண்ணன் தம்முடைய சொந்தக் கணக்கைப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பாரு காலத்துக் கிணறு அறுபது அடி, இரண்டு மாடு பூட்டிக் கவலையில் (கமலையில்) நீர் இறைத்தது. இப்போது போரில் எண்ணூறு அடியிலிருந்து மோட்டார் தண்ணீர் எடுக்கிறது.

ஆயிரம் லிட்டர் தண்ணீரை எண்ணூறு அடி தூக்க, குறைந்தபட்சம் 0.66 யூனிட் மின்சாரம் வேண்டும். மோட்டாரும் பம்பும் சேர்ந்து நூற்றுக்கு நாற்பது பங்கு திறனோடு வேலை செய்வதாக வைத்துக்கொண்டால் 1.66 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஆக ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ. அதே மோட்டார்த் திறனில் அறுபது அடியிலிருந்து எடுத்திருந்தால் நூறு கிராமுக்குள். தண்ணீர் கீழே போகப்போக ஒவ்வொரு குடத்துக்கும் கரி கூடுகிறது. ஆடிக் காற்று வீசும் மாதங்களில் இந்தப் பக்கத்துக் கணக்கு சற்றுக் குறையும்; தையில் காற்று நின்றதும் கூடும்.

திறன் நாற்பது என்பது என் ஊகம். பழைய மோட்டாராக இருந்தால் இன்னும் கீழே இருக்கும். இலவச இணைப்பில் மீட்டர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் கிளாம்ப் மீட்டர் (கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் கருவி) ஒன்று இருக்கிறது. புதன்கிழமை உங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறேன், அண்ணா. இருநூறு லிட்டர் டிரம் ஒன்றும், விநாடி பார்க்க ஒரு கடிகாரமும் தயாராக வைத்திருங்கள். அளந்த எண்ணை இங்கேயே எழுதிவிடலாம்.